வேலையில் சறுக்கியதில் என் பங்கு எவ்வளவு?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிப்பவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். பன்னிரண்டு வருட அனுபவம். ஒரே நிறுவனத்தில் இரண்டு முறை பதவி உயர்வு கைநழுவியது. இரண்டாவது முறை கோபத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு, கிடைத்த முதல் வேலையில் சேர்ந்தீர்கள். ஒன்பதாவது மாதம் அங்கே ஆட்குறைப்பு. பட்டியலில் உங்கள் பெயர். நண்பர்கள் "உன் மேல் ஒரு தப்பும் இல்லை" என்கிறார்கள். நீங்கள் மதிக்கும் ஒரு மூத்தவர் "பொறுப்பேற்றுக்கொள், அப்போதுதான் மேலே வருவாய்" என்கிறார். "அப்படியென்றால் எல்லாமே என் தப்புதானா? பொறுப்பேற்பது என்றால் உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் உங்கள் தப்பு கிடையாது. ஆனால் உங்கள் பங்கு என்று ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் தேட ஆரம்பிக்கவில்லை. இவ்வளவு உறுதியாக நான் சொல்லக் காரணம், நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியங்கள்தான். "உயர்வு கிடைக்காமல் போய்விட்டது", "வேலையை விடும்படி ஆகிவிட்டது", "அவசரத்தில் இந்த இடம் அமைந்துவிட்டது", "பெயர் பட்டியலில் வந்துவிட்டது". ஐந்து வருடக் கதையில் நீங்கள் செய்ததாக வினைச்சொல்லே அநேகமாக இல்லை. ஏறக்குறைய எல்லாம் தானாக நடந்திருக்கிறது.

தமிழில் இதற்கு வசதி அதிகம். உடைத்தேன் என்பதற்குப் பக்கத்திலேயே உடைந்தது இருக்கிறது. தவறவிட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தவறிப்போச்சு என்று சொல்லிவிடலாம். முடிக்கவில்லை என்பதை முடியவில்லை என்று ஓரிரு எழுத்து மாற்றத்தில் வேறு அர்த்தத்துக்குக் கொண்டுபோய்விடலாம். இப்படிச் சொல்வதில் பொய் எதுவும் இல்லை, கண்ணாடி உடைந்தது உண்மைதானே. ஆனால் கை யாருடையது என்பது வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது. நாலைந்து முறை அப்படிச் சொன்ன பிறகு, நம் நினைவிலிருந்தும் போய்விடுகிறது. இதை உங்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நானே இரண்டு வருடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தவன்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது. ஒரு பில்லிங் மென்பொருள் ப்ராஜெக்டில் நான் டீம் லீடாக இருந்தேன். ஐந்து மாதத்தில் முடிய வேண்டியது ஒன்பது மாதம் இழுத்தது. கிளையண்ட் நடுவில் தேவைகளை மாற்றினார்கள். டீமில் இருந்த இரண்டு பேரை வேறு ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். கூடுதலாக ஆள் கேட்டேன், மேனேஜர் தரவில்லை. ஆறாவது மாதம் என்னை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கி, எனக்கு இளையவர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அந்த வருட அப்ரைசலும் போயிற்று. அடுத்த இரண்டு வருடம் யார் கேட்டாலும் இதே வரிசையில் சொல்வேன்: கிளையண்ட், ஆள் பற்றாக்குறை, மேனேஜர். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அதனாலேயே அதிலிருந்து வெளியே வர அவ்வளவு காலம் பிடித்தது. பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ உறுத்தியிருக்கும்.

பிறகு வேறு ஓர் இடத்தில் இன்டர்வியூ. எதிரே இருந்த பெண்மணி முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "சொன்ன தேதிக்கு முடியாது என்று உங்களுக்கு முதன்முதலில் எப்போது தெரிந்தது?" நாலாவது மாதக் கடைசியில் என்றேன். சொல்லும்போதே அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று இரவு அந்த ப்ராஜெக்டின் நோட்டைத் தேடி எடுத்தேன். நீல அட்டை போட்ட நோட்டு, கூட்டங்களில் குறிப்பெடுப்பதற்காக வைத்திருந்தது. ஏழாவது வார ரிவ்யூ குறிப்புகளுக்குக் கீழே, பக்கத்தின் ஓரத்தில், என் கையெழுத்தில் "தேதி தாங்காது" என்று இருந்தது. அடியில் இரண்டு கோடு. மறுபக்கம் அடுத்த வாரத்துக்கான நிலை அறிக்கையை நான் எழுதிப் பார்த்த வரைவு: "வேலை திட்டப்படி போகிறது". அதற்கடுத்த வாரமும் அதே வரி. அதற்கடுத்த வாரமும். பதினேழாவது வாரத்தில்தான் முதல்முறையாக "தாமதம்" என்ற சொல் வருகிறது. பத்து வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. சனி ஞாயிறு உட்கார்ந்து பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போதே சொன்னால் "இவனுக்குக் கொடுத்தது தப்பு" என்று நினைப்பார்களோ என்று பயந்தேன்.

கிளையண்ட் மாற்றியது கிளையண்டின் பங்கு. ஆள் தராதது மேனேஜரின் பங்கு. அந்தப் பத்து வாரம் என் பங்கு. ஏழாவது வாரத்திலேயே சொல்லியிருந்தால் தேதியைத் தள்ளியிருக்கலாம், சில மாற்றங்களை அடுத்த கட்டத்துக்கு ஒத்திப்போட்டிருக்கலாம், ஆளையே தந்திருக்கவும் கூடும். ஒன்றுமே நடக்காமலும் போயிருக்கலாம். ஆனால் மேனேஜருக்கு முடிவெடுக்க இருந்த நேரத்தைப் பறித்துக்கொண்டது நான். என்னை விலக்கியதற்குக் காரணம் தாமதம் என்றே இரண்டு வருடமும் நினைத்திருந்தேன். அவர்களுடைய இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், தாமதத்தை மறைத்தவனிடம் இனி எதை நம்பிக் கொடுப்பது என்பதுதான் காரணமாக இருந்திருக்கும்.

அன்று வெட்கம் வந்தது நிஜம். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வேலையில் எப்படிப்பட்ட கிளையண்ட் வருவார், எப்படிப்பட்ட மேனேஜர் வாய்ப்பார் என்பது என் கையில் இல்லை. ஏழாவது வாரத்தில் வாயைத் திறப்பது என் கையில் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: "தேதி தாங்காது" என்று மனதில் பட்டால் இரண்டு நாளுக்குள் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடுவது. சொன்னதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். எந்தப் பொறுப்பிலிருந்தும் விலக்கப்பட்டதில்லை.

வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு காகிதம் இதோடு சேர்ந்து ஞாபகம் வருகிறது. இரண்டாம் உலகப் போர், 1944 ஜூன் 5. மறுநாள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கப் போகின்றன. தளபதி ஐசன்ஹோவர், ஒருவேளை தோற்றுவிட்டால் வெளியிட வேண்டிய அறிவிப்பை முன்கூட்டியே பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார். பதற்றமோ களைப்போ, தேதியை ஜூலை 5 என்று தவறாகப் போட்டிருக்கிறார். அதில் முதலில் படைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன என்கிற மாதிரி எழுதி, அதை அடித்துவிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று மாற்றியிருக்கிறார். இந்த முயற்சியில் ஏதாவது தவறு இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று முடிகிறது. படை இறக்கம் வெற்றி பெற்றதால் அந்தக் காகிதத்துக்கு வேலையே வரவில்லை. அந்த அடித்தலைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்ப்பேன். லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், வானிலை, எதிரி, கடல் அலை என்று எத்தனையோ இருக்க, செய்தவன் யார் என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவர் பேனாவை, சரி பென்சிலை, திரும்ப எடுத்திருக்கிறார்.

இங்கேயே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தி எனக்குக் கவலை தந்தது. "நான் எதற்கும் லாயக்கில்லாத ஆள் என்று ஒத்துக்கொள்வதுதான் பொறுப்பேற்பது என்றால், அதை எப்போதோ செய்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரானி ஜானோஃப்-புல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் தன்னைத் தானே குறைசொல்லிக்கொள்வதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, நான் செய்த ஒரு செயலைக் குறைசொல்வது. இன்னொன்று, நான் இப்படிப்பட்ட ஆள் என்று என் சுபாவத்தையே குறைசொல்வது. மனச்சோர்வில் இருந்த கல்லூரி மாணவர்களை அவர் ஆராய்ந்தபோது, அவர்களிடம் இரண்டாவது வகைதான் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. செயலைக் குறைசொல்வதில் அப்படி வித்தியாசம் இல்லை. காரணம் யோசித்தால் புரியும். செயலை அடுத்த முறை மாற்றிச் செய்யலாம். "நானே இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டால் மாற்ற என்ன மிச்சம்?

நான் இதற்கு ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறேன். உங்கள்மேல் நீங்கள் வைக்கும் குற்றத்துக்குத் தேதி போட முடிகிறதா என்று பாருங்கள். "எனக்குப் பேசத் தெரியாது" என்பதற்குத் தேதி கிடையாது. "மார்ச் மாத ரிவ்யூவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, எல்லாம் டீம்தான் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்" என்பதற்குத் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, வேறு மாதிரிச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியமும் இருக்கிறது. தேதி உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாததைக் கீழே வையுங்கள். சிலருக்கு "எல்லாம் என் தப்பு" என்பதே ஒரு தப்பித்தலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மொத்தமாக ஒத்துக்கொண்டுவிட்டால் தனித்தனியாக எதையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

உங்கள் பங்கு இல்லாத இடங்களும் நிஜமாகவே உண்டு. இதைச் சொல்லாமல் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. பொருளாதார நிபுணர் லிசா கான் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமாக இருந்த ஆண்டுகளில் பட்டம் பெற்று வெளியே வந்தவர்களின் சம்பளம், நல்ல ஆண்டுகளில் வந்தவர்களுடையதைவிடக் குறைவாகவே தொடங்கியது. பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. பிறந்த வருடத்துக்கு யார் பொறுப்பேற்பது? மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே தரத்திலான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அழைப்பு வராதவரிடம் போய் "உன் பங்கு என்ன என்று யோசி" என்று சொல்வது அநியாயம். "பொறுப்பேற்றுக்கொள்" என்ற சொல்லைத் தன் தவறைக் கீழே இருப்பவர் தலையில் கட்டுவதற்குப் பயன்படுத்தும் மேலதிகாரிகளையும் எனக்குத் தெரியும். பழியைச் சுமப்பது வேறு வேலை. உங்கள் மூத்தவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்வது, நடந்ததில் உங்கள் கை பட்ட இடத்தை மட்டும் சரியாக அளந்து எடுத்துக்கொள்வதைப் பற்றி.

சரி, உங்கள் மூன்று சம்பவங்களுக்கு வருவோம். மூன்றும் ஒரே மாதிரியானவை இல்லை. அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதால்தான் இவ்வளவு கனக்கிறது.

ஆட்குறைப்பில் உங்கள் பங்கு அநேகமாகப் பூஜ்யம். கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் எடுப்பது பல இடங்களில் நடப்பதுதான். அந்த முடிவில் உங்கள் தவறைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேட வேண்டியது அதற்கு ஒன்பது மாதம் முன்னால், நீங்கள் சேர்ந்த வாரத்தில். அந்த இடம் ஏன் காலியாக இருந்தது, முன்பு இருந்தவர் ஏன் போனார், நிறுவனத்தின் வியாபாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது என்றால் சரி, விட்டுவிடுங்கள். கேட்கவே இல்லை என்றால், அதற்குத் தேதி இருக்கிறது.

ராஜினாமா முழுக்க உங்களுடையது. கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும். கோபத்துக்குக் காரணம் அவர்கள், கடிதம் கொடுத்தது நீங்கள். "விடும்படி ஆகிவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வேலை கையில் இல்லாமல் அன்று மாலையே மெயில் அனுப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த ஒன்றை மட்டும் "நான் விட்டேன்" என்று திருத்தி எழுதிப் பாருங்கள். விட்டதே தவறு என்று நான் சொல்லவில்லை, அங்கே இன்னும் மூன்று வருடம் இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காமல் போயிருக்கலாம். ஆனால் விட்ட விதத்துக்கும், அதனால் அடுத்த வேலையை அவசரத்தில் பிடித்ததற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பு உங்கள் பக்கத்தில் இருப்பது.

பதவி உயர்வுதான் கஷ்டமான கேள்வி. இதில் நிறையப் பேரிடம் நான் பார்த்தது ஒன்று உண்டு. நன்றாக வேலை செய்தால் பார்த்துத் தருவார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். முடிவு எடுக்கப்படுவது நாம் இல்லாத ஓர் அறையில். அங்கே நான்கைந்து மேனேஜர்கள், ஆளுக்கு ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருப்பார்கள். இடங்கள் குறைவு. உங்கள் பெயர் வரும்போது யாராவது ஒருவர் "இவர் இதைச் செய்தார், அதனால் இது நடந்தது" என்று இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாக்கியத்தை உங்கள் மேனேஜர் கையில் நீங்கள் கொடுத்திருந்தீர்களா? உயர்வுக்கு என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா, இல்லை ஊகித்தீர்களா? அந்த அறையில் நானும் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். திறமையான ஒருவரைப் பற்றி அவருடைய மேனேஜர் "நல்லாப் பண்றார், நம்பகமானவர்" என்பதோடு நிறுத்திக்கொண்டதால் அடுத்த பெயருக்குப் போனது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. அதில் மேனேஜரின் தவறு பெரிது. ஆனால் அந்த மேனேஜருக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போனதில் அந்தத் திறமைசாலிக்கும் ஒரு பங்கு இருந்தது. முந்தைய ஆறு மாதத்தில் தான் முடித்ததைப் பற்றி அவர் ஒரு மெயில்கூட எழுதியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் வலிக்கும். முதல் முறை உயர்வு தவறியதில் உங்கள் பங்கு சிறியதாக இருக்கலாம். இரண்டாவது முறைக்கு அப்படிச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு வருடம் உங்கள் கையில் இருந்தது. அந்த வருடத்தில் எதை மாற்றினீர்கள்? உங்கள் கேள்வியில் அந்த வருடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "இன்னும் கடுமையாக உழைத்தேன்" என்பது பதில் என்றால், பலிக்காத ஒன்றையே அதிகமாகச் செய்ததாகத்தான் ஆகும்.

இதையெல்லாம் எப்படித் தேடுவது என்று கேட்டால், முதலில் கோபத்தை வெளியே விடுங்கள். வேலை போய் இரண்டு மாதம் ஆகியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிப்பார்க்காதவரால் தன் பங்கை நிதானமாகப் பார்க்க முடியாது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்டெஃபனி ஸ்பேரா, எரிக் பூர்ஃபைண்ட், ஜேம்ஸ் பென்னபேக்கர் மூவரும், வேலையிழந்த 63 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் தினமும் 20 நிமிடம், ஐந்து நாள் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் அப்படி எழுதவில்லை. பின்னால் பார்த்தபோது மனம்விட்டு எழுதியவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் அதிகமாக விண்ணப்பித்ததால் இது நடக்கவில்லை, வேலை தேடுவதில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முயன்றிருக்கிறார்கள். கோபம் உள்ளே இருந்தால் இன்டர்வியூவில் அது எப்படியும் எட்டிப்பார்க்கும் என்பது என் அனுபவம். பழைய மேனேஜரைப் பற்றிக் கேட்டவுடன் குரல் மாறுவதை மேஜைக்கு எதிரே இருப்பவர் கவனித்துவிடுவார்.

எனவே ஐந்து நாள் எழுதுங்கள். யாருக்கும் காட்டவேண்டியதில்லை, யாரை வேண்டுமானாலும் திட்டலாம். ஆறாவது நாள் அதையே எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். தானாக நடந்ததுபோல் எழுதிய ஒவ்வொன்றையும் "நான்" என்று தொடங்கி மாற்றி எழுத முடிகிறதா பாருங்கள். உண்மை கெடாமல் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அப்படியே விடுங்கள், அது உங்களுடையது இல்லை. பத்துப் பக்கத்தில் மூன்று நான்கு வாக்கியம் மாறினால் அதிகம். எனக்கு ஒன்றுதான் மாறியது.

ஆனால் எழுதுவதோடு முடிந்துவிடாது. தன் முதுகு தனக்குத் தெரியாது. வேறொருவர் சொன்னால்தான் தெரிகிற பகுதி எப்போதும் இருக்கும். உங்கள் முதல் நிறுவனத்து மேனேஜரோடு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய விஷயம், பலருக்கு வாய்க்காது. அவரிடம் "எனக்கு ஏன் உயர்வு தரவில்லை" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார், இடம் இல்லை, பட்ஜெட் இல்லை என்று. இப்படிக் கேளுங்கள்: "அந்த வருடம் நான் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்றால், அது என்னவாக இருந்திருக்கும்?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. அவர் பாதி சொல்லும்போதே "இல்லை சார், அப்போது என்ன நடந்தது என்றால்" என்று நாக்கு துடிக்கும். விளக்கம் சொல்ல ஆரம்பித்த நொடியில் அவர் நிறுத்திக்கொள்வார், அப்புறம் மரியாதைக்கான வார்த்தைகள்தான் வரும். கேட்டு, எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அவர் சொன்னதில் எது சரி, எது தவறு என்பதை ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே எப்படிப் பேசுவது என்பது தனி விஷயம். தவறை ஒப்புக்கொண்டால் மதிப்பு குறையும் என்று பயப்படுகிறீர்கள். எப்போதும் அப்படி இல்லை. ஃபியோனா லீ, கிறிஸ்டோபர் பீட்டர்சன், லாரிசா டீடன்ஸ் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவனங்கள் பங்குதாரர்களுக்கு எழுதும் ஆண்டறிக்கைகளைப் படித்துப் பார்த்தார்கள். மோசமான முடிவுகளுக்குச் சந்தையையும் பொருளாதாரத்தையும் காரணம் காட்டியவற்றைவிட, தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த தங்கள் முடிவுகளையே காரணமாகச் சொன்ன நிறுவனங்களின் பங்கு விலை ஒரு வருடம் கழித்து மேலாக இருந்தது. கேட்பவர் மனதில் ஓடுவதை யோசித்துப் பாருங்கள். எல்லாம் வெளியிலிருந்து வந்தது என்கிறவர், நாளைக்கும் அது வெளியிலிருந்து வரலாம் என்றுதான் சொல்கிறார். என் முடிவு என்கிறவர், அடுத்ததை மாற்றி எடுப்பேன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோது எனக்கும் இப்படித்தான் பட்டிருக்கிறது.

அதற்காக எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டாம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல டீம்களில் தவறுகள் குறைவாகப் பதிவாகியிருக்கும் என்று எதிர்பார்த்தார். அதிகமாகப் பதிவாகியிருந்தது. 1996இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் தந்த விளக்கம், அந்த டீம்களில் தவறைச் சொன்னால் தண்டிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தது, அதனால் சொன்னார்கள் என்பது. தலைகீழாகப் பார்த்தால், அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் மனிதர்கள் வாயை மூடிக்கொள்வது கோழைத்தனம் இல்லை, நிலைமை அப்படி. தவறை ஒப்புக்கொள்வதை உங்களுக்கு எதிரான ஆயுதமாக்கும் இடத்தில் நீங்கள் வேலை செய்தால், உங்கள் பங்கை உங்கள் நோட்டில் எழுதுங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், செயலை மாற்றுங்கள். அது போதும். ஒழுங்கு நடவடிக்கை, விசாரணை என்று போனால், வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ கேட்காமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பொறுப்புணர்ச்சிக்கும் வாக்குமூலத்துக்கும் தொடர்பு கிடையாது.

உங்களுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முந்தைய வேலையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். இந்த அளவில் சொன்னால் போதும்: "கடைசி நிறுவனத்தில் ஆட்குறைப்பில் வேலை போனது. அதற்கு முந்தைய இடத்தை நான் கோபத்தில் விட்டேன், அடுத்ததைச் சரியாக விசாரிக்காமல் சேர்ந்தேன். அதனால் இந்த முறை உங்களிடம் கேட்பதற்குச் சில கேள்விகள் வைத்திருக்கிறேன்." ஆட்குறைப்பை ஆட்குறைப்பு என்றே சொல்லுங்கள், அதில் தலைகுனிய எதுவும் இல்லை. உங்களுடைய இரண்டு வாக்கியங்களை உங்களுடையதாகச் சொல்லுங்கள். மூன்றாவது வாக்கியம் பேச்சுக்காக இருக்கக்கூடாது, கேள்விகளை நிஜமாகவே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இடம் ஏன் காலியானது என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

பழைய மேனேஜரிடம் அதற்கு முன்னாலேயே பேசிவிட முடிந்தால் நல்லது. எழுதிக் கேட்பதைவிட நேரிலோ போனிலோ கேளுங்கள், எழுத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். அவர் என்ன சொன்னார் என்பதை, அவருடைய வார்த்தையிலேயே, இங்கே எழுதுங்கள். அந்த நடுவில் இருந்த ஒரு வருடத்தைப் பற்றி அதை வைத்துத்தான் மேலே பேச முடியும்.